ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட்: எம்.ஜே. கோபாலனை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2025 டிசம்பர் தொடக்கத்தில் கோவில்பட்டியிலிருந்து என் தாய்மாமன் வந்திருந்தார். ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியின் ஒரு பகுதி ஆட்டங்கள் அப்போது மதுரையில் நடந்துகொண்டிருந்தன. ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாக எழும்பியிருந்த மைதானத்தில் இரண்டு வெளிநாட்டு அணிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா ஹாக்கி மட்டையால் வேலை வாங்கியவர். பஞ்சாலை ஒன்றின் அணிக்கு ஆடுவதற்காகவே அவரை ஆலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆலை மூடி வருஷம் பல ஆகிறது. இடைவேளையில் அவர்தான் கேட்டார்: "மெட்ராஸ்காரர் ஒருத்தர் ஒலிம்பிக் தங்கத்த விட்டுட்டுக் கிரிக்கெட் ஆடப் போனாராமே மாப்ள, ஒனக்குத் தெரியுமா? அங்க போயி ஒரு மேட்ச்கூட எறக்கலையாம். பாவம்யா அந்த ஆளு."

எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் அவரைப் பற்றி யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் 'பாவம்' என்கிற சொல் என்னை விடவில்லை. எம்.ஜே. கோபாலனைப் பற்றி இதுவரை நிலவும் சொல்லாடல்கள் இரண்டுதான். ஒன்று, புள்ளிவிவரப் புத்தகத்தில் இருக்கும் ஒற்றை வரி: 1 டெஸ்ட், 18 ரன், 1 விக்கெட், 3 கேட்ச். இன்னொன்று மாமா சொன்னது: தவறாகத் தேர்ந்தெடுத்து ஏமாந்த மனிதனின் கதை. முதலாவது அவரைத் தோற்றுப்போனவராக்குகிறது, இரண்டாவது அசட்டுத்தனம் பண்ணியவராக்குகிறது. இரண்டுமே ஒரு விஷயத்தைப் பேசாமல் கடக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு பந்துவீச்சாளன் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான், அந்த வாசலின் சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதுதான் அது. அதைப் பேசாமல் 'தேர்வு' பற்றிப் பேசுவது வெறும் அறவுரை.

2

மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன், செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்துக்காரர். பிறந்தது 1909 என்பது பதிவு. சின்ன வயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. வலதுகை மிதவேகப் பந்துவீச்சாளர். மட்டையும் பிடிப்பார். 1920களின் கடைசியில் தொடங்கி 1950களின் தொடக்கம்வரை முதல்தரக் கிரிக்கெட் ஆடி, 190க்கும் மேல் விக்கெட் எடுத்திருக்கிறார். கால் நூற்றாண்டு காலம் மெட்ராஸ் பந்துவீச்சைச் சுமந்த ஆள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அவருடைய ஒரே டெஸ்ட், 1934 ஜனவரி 5-ஆம் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் தொடங்கியது. எதிரணித் தலைவர் ஜார்டின். இந்தியத் தலைவர் சி.கே. நாயுடு. அந்த ஆட்டத்தில் கோபாலனோடு முஸ்தாக் அலி, தில்வர் ஹுசேன், சி.எஸ். நாயுடு ஆகியோரும் முதன்முறையாக இந்தியாவுக்கு ஆடினார்கள். கோபாலன் 19 ஓவர் வீசி 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார். இரண்டு தடவை மட்டை பிடித்து ஆட்டமிழக்காமல் 11, பிறகு 7. ஆட்டம் முடிவில்லாமல் போனது. ஆஹா ஓஹோ என்று சொல்ல ஒன்றுமில்லை. தூக்கி எறியும்படியாகவும் ஒன்றுமில்லை.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரி 10-இல், மெட்ராஸ் சேப்பாக்கத்தில். அந்த மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட் அதுதான். அந்த ஊர்ப் பந்துவீச்சாளர், அந்த மண்ணும் கடற்காற்றும் எப்போது என்ன செய்யும் என்று அறிந்தவர், அணியில் இல்லை. இந்தியா 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது. தோற்றதால் சொல்லவில்லை, அமர் சிங் ஏழு விக்கெட் எடுத்த ஆட்டம் அது, வேறொருவருக்கு என்ன வேலை என்று வாதம் செய்யலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஒரு மனிதனுடைய 'சர்வதேச வாழ்க்கை' அவனுடைய வீட்டு வாசலுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னதாக முடிந்துபோகிறது. அந்த முடிவை எடுத்த அறையில் அவன் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 4. அதே சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59, மெட்ராஸ் 130. ஒரே நாளில் கதை முடிந்தது. பதினொரு விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம் சிங். ராம் சிங்குக்கு டெஸ்ட் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. பின்னால் அவருடைய மகன்கள் இரண்டு பேர் டெஸ்ட் ஆடினார்கள். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்து கோபாலனுடையது என்பதை இன்று விநாடிவினாக்களில் கேட்கிறார்கள். வரலாறு விநாடிவினாவாகச் சுருங்கும்போது வேறு என்னவெல்லாம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே கேள்வி.

3

சேப்பாக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் ஆரம்பிக்கப்பட்டது. வெள்ளைக்காரர்களுடைய கிளப். இந்தியர்கள் அங்கே ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் இடமில்லை; சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் உட்கார வேண்டும். இதைப் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்தினார். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடந்த பிரசிடென்ஸி ஆட்டம், பிற்காலத்தில் பொங்கல் பண்டிகையோடு சேர்ந்துகொண்ட அந்த ஆட்டம், இந்த மரத்தடி அவமானத்திலிருந்து பிறந்தது. நமது விளையாட்டு வரலாறுகள் வழக்கமாக இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு நின்றுவிடும்.

நாம் இன்னும் கொஞ்சம் போகலாம். பம்பாயில் அணிகள் மதத்தால் பிரிந்திருந்தன: பார்சி, இந்து, முஸ்லிம், ஐரோப்பியர். அதற்காக அதைக் காந்தி உட்படப் பலரும் கண்டித்தார்கள். ஆனால் 'இந்து' என்று ஓர் அணி இருந்ததாலேயே அங்கே ஒரு கேள்வி தப்பமுடியாமல் எழுந்தது: சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு இந்துவா, இல்லையா? பாலு புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளம் உருட்டிப் பராமரிக்கும் கூலியாக இருந்தவர். வலையில் பந்து வீசி வீசி இடதுகைச் சுழல் பந்தில் தேர்ந்தார். அவருடைய பந்து வேண்டும், ஆனால் தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். 1911-இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 100க்கும் மேல் விக்கெட் எடுத்தார். இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடிய 1932-இல் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்து அணிக்குத் தலைமை தாங்கும் உரிமைக்காக அவருடைய குடும்பம் நடத்திய போராட்டம், அவருடைய தம்பி விட்டல் 1923-இல் தலைவரான பிறகே ஓய்ந்தது.

மெட்ராஸில் அணிகள் இனத்தால் பிரிந்திருந்தன: ஐரோப்பியர், இந்தியர். கேட்பதற்கு இது முற்போக்கானதாகத் தோன்றும். என் வாசிப்பில் அது அப்படியல்ல. 'இந்தியர்' என்கிற ஒற்றைச் சொல் தனக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாமல் செய்துவிட்டது. எதிரே வெள்ளைக்காரன் நிற்கும்வரை இந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாரும் ஒன்று. பெவிலியன் மறுக்கப்பட்ட கதை நமக்குத் தெரியும். அந்த மரத்தடிக்கும் வரமுடியாதவர்கள் யார் என்ற கதை நமக்குத் தெரியாது. மெட்ராஸில் ஒரு பாலு ஏன் இல்லை என்று கேட்டால், திறமை இல்லை என்று சொல்லுவார்களா? ஆடுகளம் உருட்டியவர்கள் இங்கேயும் இருந்தார்கள்தானே.

கோபாலனை ஓர் ஒடுக்கப்பட்ட நாயகனாக ஆக்கும் உத்தேசம் எனக்கில்லை. பெயரிலேயே ஜோஸ்யம் இருக்கிறது, திருவல்லிக்கேணி வாழ்க்கை. மரத்தடிவரை வருவதற்கு அவருக்குத் தடை இருந்திருக்காது. ஆனால் அங்கிருந்து பெவிலியனுக்குப் போக அவருக்கும் ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கை சி.பி. ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜில் படித்து வந்து மெட்ராஸில் பர்மா ஷெல் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்த வெள்ளைக்காரர். மெட்ராஸ் கிரிக்கெட்டின் தூண்களில் ஒருவர். அவர் கோபாலனுடைய பந்துவீச்சைக் கண்டுகொண்டார். கிளப்பில் சேர்த்தார். பர்மா ஷெல்லில் வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

இதை வெறும் உதவி என்று கடந்துபோகக் கூடாது. அந்தக் கால விளையாட்டின் பொருளாதாரமே இதில் இருக்கிறது. காசுக்காக ஆடாதவனே கனவான் என்பது காலனியக் கிரிக்கெட்டின் சித்தாந்தம். சொத்து உள்ளவனுக்கு அது சுலபம். சொத்தில்லாதவன் என்ன செய்வான்? சமஸ்தானங்களில் ராஜாக்கள் ஆட்டக்காரர்களைப் பட்டாளத்திலோ அரண்மனையிலோ வைத்துக்கொண்டார்கள், சி.கே. நாயுடு ஹோல்கர் சமஸ்தானப் பட்டாளத்தில் இருந்தார். ராஜா இல்லாத மெட்ராஸ் நகரத்தில் அந்த இடத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சம்பளம் மேஜை வேலைக்கு, நிஜத்தில் பந்துக்கு. ஆட்டத்துக்குப் போக லீவு கம்பெனியின் தயவு. பின்னாளில் மெட்ராஸ் லீக் கம்பெனி அணிகளும் வங்கி அணிகளுமாக நிரம்பியதும், தெற்கே ஆலைகள் ஹாக்கி அணி வைத்துக்கொண்டதும் இதே தர்க்கத்தின் தொடர்ச்சிதான். என் மாமாவுக்கு வேலை கிடைத்த வழியும் இதுவே.

4

கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன அணியில் இருந்தார். அந்தப் பயணத்தில் இந்தியா எதிரிகளைத் துவைத்துக் காயப்போட்டது. தியான் சந்த் மட்டும் இருநூறு கோல் அளவுக்கு அடித்தார். ஆக 1936 வந்தபோது கோபாலனுக்கு முன்னால் இரண்டு பாதை. ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக், ஹாக்கி. அதே கோடையில் இங்கிலாந்து, கிரிக்கெட். அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அந்தக் கிரிக்கெட் பயணத்தின் லட்சணம் ஊரறிந்தது. தலைவர் விஜயநகரத்து மகாராஜகுமார், விஸ்ஸி. மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன். பணமும் செல்வாக்கும் அவரைத் தலைவராக்கின. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை, முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கீனம் என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பம்பாய்த் தலைமை நீதிபதி பியூமாண்ட் தலைமையில் விசாரணை நடந்து, 1937 தொடக்கத்தில் வந்த அறிக்கை விஸ்ஸியின் தலைமையைக் கடுமையாகக் குறை சொன்னது. அதற்குள் அந்தக் கோடையிலேயே அவர் 'சர்' ஆகிவிட்டார்.

அணிக்குள் இடம்பிடிப்பது பந்தால் மட்டும் தீர்மானமாகவில்லை. கடைசி டெஸ்டில் பாகா ஜிலானி என்கிற மிதவேகப் பந்துவீச்சாளர் ஆடினார். முதல் நாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் சி.கே. நாயுடுவை அவமானப்படுத்தியதற்குக் கிடைத்த பரிசு அது என்று கிரிக்கெட் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு கதை நம்பும்படியாக இருந்தது என்பதே அந்த அணியின் சூழலைச் சொல்லிவிடுகிறது. ஜிலானிக்கும் கோபாலனைப் போலவே அந்த ஒரு டெஸ்டுதான்.

மெட்ராஸிலிருந்து போன இன்னொருவர் கோட்டா ராமசாமி. புச்சி பாபுவின் கடைசி மகன், தாத்தாவுக்குத் தத்துப் போனவர். கேம்பிரிட்ஜில் படித்தவர், டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-உம் 60-உம் எடுத்தார். ஓவலிலும் ஆடினார். இரண்டே டெஸ்ட், சராசரி 56-க்கு மேல். நன்றாகவே ஆடினார், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் நாற்பது வயதுவரை காத்திருக்கக்கூடிய வாழ்க்கை யாருக்கு வாய்க்கும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரியைப் படிக்க வேண்டும்.

மூன்று டெஸ்டிலும் கோபாலன் இல்லை.

இனி ஒரு தேதி. 1936 ஆகஸ்ட் 15. அன்று லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது; ஹாமண்ட் 217 அடித்தார். மழையால் ஒருநாள் தள்ளிப்போன ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம் பெர்லினில் நடந்ததும் அதே நாளில்தான். இந்தியா 8, ஜெர்மனி 1. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் காங்கிரஸ் மூவர்ணக் கொடியை வைத்து இந்திய வீரர்கள் வணங்கினார்கள் என்று தியான் சந்தே பதிவு செய்திருக்கிறார். கோபாலன் ஓவலில் ஆடும் பதினொருவரில் இல்லை. பெர்லினிலும் இல்லை.

இந்தக் காட்சியை வைத்து ஹாக்கி தேசியம், கிரிக்கெட் ஏகாதிபத்தியம் என்று இருமை கட்டுவது எளிது. நானும் கட்டியிருப்பேன். ஆனால் ஹாக்கியும் பட்டாளத்தோடு வந்து இறங்கியதுதான். தியான் சந்தே பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய். கொடி வணங்கப்பட்டது மூடிய அறைக்குள். மைதானத்தில் அவர்கள் பிரிட்டிஷ் இந்தியா. இரண்டு ஆட்டமும் காலனியச் சட்டகத்துக்குள்தான் நடந்தன. வித்தியாசம் அந்தச் சட்டகத்துக்குள் எது மையம், எது விளிம்பு என்பதில். நாம் உலகத்திலேயே முதலிடத்தில் இருந்த ஆட்டம் விளிம்பில் இருந்தது. நாம் தோற்றுக்கொண்டே இருந்த ஆட்டம் மையத்தில் இருந்தது. கம்பெனி துரைமார்களின் கண்ணும் மகாராஜாக்களின் பணமும் அங்கேதான். திருவல்லிக்கேணியிலிருந்து வந்து பர்மா ஷெல்லில் கிரிக்கெட்டால் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன் எந்தப் பக்கம் போவான்? அவன் முன்னால் இருந்தது இரண்டு ஆட்டங்கள் என்று நாம் சொல்கிறோம். அவன் வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது அவற்றில் ஒன்றுதான்.

5

இதற்கு நேர்மாறான ஒரு கதை இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கித் தலைவர் ஜெய்பால் சிங். ராஞ்சிப் பக்கத்து முண்டா ஆதிவாசி. மிஷனரிகள் மூலம் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அப்போது ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தார். ஒலிம்பிக்குக்கு லீவு கேட்டார், கிடைக்கவில்லை. லீவு இல்லாமலே போனார். திரும்பி வந்தபோது பயிற்சியைக் கூடுதலாக ஒரு வருஷம் முடிக்கச் சொன்னார்கள். ஐ.சி.எஸ்.ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார். பிறகு அவர் வேலைக்குச் சேர்ந்த இடம்? அதே பர்மா ஷெல். ஆனால் அதிகாரிகள் வரிசையில். இந்திய அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக அவர் ஒலித்தது பின்கதை.

ஜெய்பால் வீரர், கோபாலன் கோழை என்று படிப்பதா? ஜெய்பாலுக்குப் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு இருந்தது. ஒரு கதவை உதைத்துச் சாத்தினால் இன்னொன்று திறக்கும். கோபாலனுக்கு இருந்தது ஒரே கதவு. அதைத் திறந்துவிட்டவர்கள் எதிர்பார்த்தது கிரிக்கெட்டை.

டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் கிரிக்கெட் நூலில் ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அங்கே கிளப்புகள் தோல் நிறத்தின் அடுக்குப்படி இருந்தன. கறுப்பரான அவர், கறுப்பு மக்களின் ஷானன் கிளப்பை விட்டுப் பழுப்பு நிறத்தவரின் மேப்பிள் கிளப்பில் சேர்ந்தார். அது தன் அரசியல் வளர்ச்சியை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டது என்று பிற்காலத்தில் தன்னையே விசாரித்தார். ஜேம்ஸ் தன் தேர்வைப் பேசும்போது அந்த அடுக்குமுறையைப் பேசுகிறார். நாம் கோபாலனின் தேர்வைப் பேசும்போது கோபாலனை மட்டும் பேசுகிறோம். நம் விமர்சனத்தின் பலவீனம் இங்கே இருக்கிறது. ஒரே தொகுப்போடு நின்றுபோன கவிஞனைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசுகிறோம்: 'சரக்கு தீர்ந்துபோச்சு'. அவனுக்கு அச்சுக் காசு யார் தந்தார்கள், அடுத்ததற்கு ஏன் தரவில்லை என்று கேட்பதில்லை.

6

கோபாலன் காணாமல் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1952-53-இல் அவர் பெயரில் மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை ஆரம்பித்தது. இலங்கை 1981-இல் டெஸ்ட் அந்தஸ்து பெறும்வரை அந்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு அது முக்கியமான வெளியூர்க் களம். தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். அறைக்கு வெளியே நின்றவர் அறைக்குள் உட்கார்ந்தார். 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார். அப்போது உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் அவர்தான். ஒரு டெஸ்ட் ஆடியவருக்கு அதற்குப் பிறகு ஏறத்தாழ எழுபது வருஷ வாழ்க்கை இருந்தது. புள்ளிவிவரப் புத்தகத்துக்கு அது தேவையில்லை.

எழுதி முடிக்கும் தறுவாயில் இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு இதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஒருதடவை மாநில அணிக்கான முகாமுக்கு அவருக்கு அழைப்பு வந்ததாம். அதே வாரம் ஆலைகளுக்கிடையிலான போட்டி. லீவு லெட்டரை மேனேஜர் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, "நம்ம மேட்ச் முடியட்டும்" என்றாராம். "நான் போகல. போயிருந்தா வேல போயிருக்கும். கல்யாணம் ஆயி ஆறு மாசம் அப்ப." அப்புறம் சிரித்தார். "இப்ப வேலயும் இல்ல, முகாமும் இல்ல. அந்தாளு பாவம்னு சொன்னேன்ல, வாபஸ் வாங்கிக்கிறேன் மாப்ள."

மதுரையைச் சுற்றியும் கோவில்பட்டி, சிவகாசி, ராஜபாளையம் பக்கமும் விளையாட்டால் ஆலையிலும் ரயில்வேயிலும் போலீசிலும் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? லீவு கிடைக்காமல் நின்றவர்கள் எத்தனை பேர்? சாதியால் அணிப் பட்டியலுக்கே வராதவர்கள் யார்? பெண்களில் மட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொடுக்கப்பட்டவர்கள் யார்? இதற்கெல்லாம் ஸ்கோர் புத்தகத்தில் பத்தி கிடையாது. ஆலைகளின் வருகைப் பதிவேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். வாய்மொழி வரலாறு பற்றி நாம் நிறையக் கட்டுரை எழுதிவிட்டோம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி. நான் மாமாவிடமிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.